கூடையோடு வந்த கூத்து

மலைக்காட்டில் ஓர் உயரமான மரம். அந்த மரத்துப் பொந்துக்குள் வெண்விழி என்ற பெண் இருவாச்சிப் பறவை முட்டையிடப் போனாள். போனவள் பொந்தின் வாயை உள்ளிருந்தே மண்ணால் பூசி அடைத்துக்கொண்டாள். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விட்டாள்.

இருவாச்சிக் குடும்பத்தில் இதுதான் வழக்கம். உள்ளே இருக்கும் தாய்க்குப் பறக்கும் இறகெல்லாம் உதிர்ந்துவிடும். குஞ்சு வளரும் வரை அப்பன்தான் பழம் கொண்டுவந்து இடுக்கு வழியே ஊட்ட வேண்டும். அவன் வராவிட்டால் உள்ளே பட்டினி.

"ஏங்க, மூணு மாசம்! உங்களை நம்பித்தான் உள்ளே இருக்கேன்!" என்றாள் வெண்விழி.

"அட, இதைச் சொல்லணுமா? என் றெக்கைச் சத்தம் உன் காதுல விழுந்துக்கிட்டே இருக்கும் பாரு!" என்றான் அவள் கணவன் பொன்னலகன்.

அவன் சிறகடித்தால் பாதி மலைக்குக் கேட்கும். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. பக்கத்து மரங்களில் ஒன்றுகூடப் பழுக்கவில்லை. பொன்னலகன் இரண்டு மலை தாண்டிப் போய்ப் பழம் கொண்டுவந்தான். பொழுது விடிந்தால் கிளம்புவான், பொழுது சாய்ந்தால்தான் உட்காருவான். முட்டை பொரிந்து குஞ்சு வந்தபோது அவன் பாதியாக இளைத்திருந்தான்.

அந்த நேரத்தில்தான் ஆலமரத்தடியில் கருங்குரங்கு அண்ணாச்சி ஒரு கடை போட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! கூடைச் சந்தா! சேர்ந்தவங்களுக்குத் தினமும் ரெண்டு கூடை பழம், வீட்டு வாசலுக்கே வரும்! நம்ம மலையணில் ஏறாத மரம் இந்தக் காட்டுல கிடையாது!"

"சந்தா என்ன, அண்ணாச்சி?" என்று கேட்டான் பொன்னலகன்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி, பழம் இருக்கிற மரம் ஒண்ணு எங்கே நிக்குதுன்னு என் காதுல சொல்லணும். அம்புட்டுதான்!"

பொன்னலகன் சேர்ந்தான். அதில் ஒரு தப்பும் இல்லை. செவ்வாலி என்ற மலையணில் காலையில் ஒரு கூடை, மாலையில் ஒரு கூடை கொண்டுவந்து இடுக்கருகே வைத்தாள். குஞ்சுக்குக் கழுத்து நிமிர்ந்தது. பொன்னலகனும் நாளைக்கு நாலைந்து தடவை போய் வந்தான். முன்போல முப்பது தடவை அலைய வேண்டியிருக்கவில்லை.

"கொஞ்சம் உட்கார்ந்து றெக்கையை ஆத்துங்க," என்றாள் வெண்விழி. "அதுக்குத்தானே கூடை!"

அடுத்த பௌர்ணமி வந்தது. அண்ணாச்சி மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டார்.

"இனிமே கூடையோட கூத்தும் உண்டு! மயிலாட்டம் உண்டு! கீரிப்பிள்ளைங்களோட குட்டிக்கரணம் உண்டு! துடுப்புவால் கரிச்சான் ஒத்தை ஆளா நூறு குரல்ல கதை சொல்லும்! காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும், தினமும்! எல்லாம் சும்மா!"

"சும்மாவா?"

"சும்மாதான்! சந்தா மட்டும் இனிமே ஒரு மரத்துக்குப் பதிலா ரெண்டு மரம்."

கூட்டம் கை தட்டியது. கடைசியில் சொன்னது யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை. ஆமையார் காதில் மட்டும் விழுந்தது.

"அண்ணாச்சி, எனக்குக் கூடை மட்டும் போதும்," என்றார் அவர். "நான் கூத்துக்குக் கிளம்பினா, வந்து சேர்றதுக்குள்ள கூத்தே முடிஞ்சு போயிடும். கூடையை மட்டும் பழைய சந்தாவுக்குக் குடுங்க."

"தனியாக் கிடையாதே! ரெண்டும் ஒரே கட்டு."

"பார்க்காத கூத்துக்கு நான் எதுக்கு மரம் சொல்லணும்?"

நல்ல கேள்வி. அண்ணாச்சியே தலையைச் சொறிந்தார். ஆனால் அவர் பதில் சொல்வதற்குள் கிளையிலிருந்த பொன்னலகன் முந்திக்கொண்டான்.

"சும்மா கிடைக்கிறதை வேணாம்னு சொல்ற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்! மெதுவா நடக்கிறவருக்கு மூளையும் மெதுவாத்தான் நடக்கும் போல!"

காடே சிரித்தது. ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு திரும்பி நடந்தார். சந்தாவும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம் என்று போய்விட்டார்.

அன்று பொன்னலகன் இரண்டு மரங்களைச் சொன்னான். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த நாவல் மரம். இன்னொன்று அருவிக்குப் பின்னால் நின்ற செவ்வத்தி. அந்த மரம் அவனுக்கும் வெண்விழிக்கும் மட்டும்தான் தெரியும். 'கடைசி மாசத்துக்கு இருக்கட்டும், குஞ்சு அப்பத்தான் நிறையத் தின்னும்' என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை அண்ணாச்சியின் காதில் சொல்லிவிட்டான்.

ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கூத்துக்குப் போனான். கரிச்சான் ஒரு நொண்டி மானின் கதையைத் தொடங்கியது. சிறுத்தையின் உறுமல், மானின் மூச்சு, மூங்கிலில் காற்று, எல்லாம் அந்த ஒரே தொண்டையிலிருந்து வந்தன. சிறுத்தை முன்னங்காலைத் தூக்கியது. மான் கண்ணை மூடிக்கொண்டது.

"மீதி நாளைக்கு!" என்றது கரிச்சான்.

அப்புறம் எப்படிப் போகாமல் இருப்பது? மறுநாளும் போனான். அதற்கு அடுத்த நாளும் போனான். முதலில் திரும்பி வந்து இடுக்கு வழியே வெண்விழிக்குக் கதை சொன்னான். அவளும் உள்ளிருந்து சிரித்தாள். 'அவளுக்காகத்தானே போகிறேன்!' என்று நினைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. பிறகு கதை சொல்வதும் நின்றுபோனது. போவது மட்டும் நிற்கவில்லை.

கீரிப்பிள்ளைகளின் குட்டிக்கரணம் அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனாலும் உட்கார்ந்து பார்த்தான்.

"சந்தா குடுத்தாச்சு! பார்க்காம விட்டா நமக்குத்தானே நஷ்டம்?" என்று பக்கத்திலிருந்த மைனாவிடம் சொன்னான். மைனாவும் பிடிக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அது ஆமாம் என்று தலையாட்டியது.

கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் பசிக்காதா? "பழம் எங்கே? பழம் எங்கே?" என்று கத்தினார்கள். அண்ணாச்சி கூடை சுமக்கும் அணில்களைக் கூத்துக்குத் திருப்பிவிட்டார்.

"வீட்டுக்குப் போற கூடை என்ன ஆகும், அண்ணாச்சி?" என்று கேட்டாள் செவ்வாலி.

"இங்கே உட்கார்ந்திருக்கவன் கத்தினா என் காது கிழியுது! பொந்துக்குள்ள இருக்கவ கத்தினா இங்கே கேட்கவா போகுது? முதல்ல இங்கே குடு!"

இப்படியாக இரண்டு கூடை ஒரு கூடையானது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது.

"ஏங்க, நேத்து கூடை வரலையே," என்றாள் வெண்விழி.

"வரும், வரும்! அண்ணாச்சி ஏமாத்த மாட்டார்!" என்று பறந்துகொண்டே சொன்னான் பொன்னலகன். கூடைதான் வருகிறதே என்று அவன் பழம் தேடப் போவதையும் விட்டிருந்தான்.

ஒருநாள் கரிச்சான், "நாளைக்கு மானின் கதை முடியும்!" என்று அறிவித்தது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பொன்னலகன் இரவு தங்கும் மரத்திலிருந்து பறந்தான். வழியில்தான் பொந்து. இறங்கினால் முதல் வரிசை போய்விடும். இறங்காமல் அதன் மேலாகப் போனான்.

கதை சூடு பிடித்த நேரத்தில் அவனுக்குப் பசித்தது. கூட்டத்துக்குப் பின்பக்கமாகச் செவ்வாலி ஒரு கூடையோடு பதுங்கிப் பதுங்கிப் போவது தெரிந்தது.

"ஏய் செவ்வாலி! இங்கே கொண்டா!"

"ஐயா, இது வீட்டுக்குப் போற கூடை..."

"நான் சந்தாக்காரன்! முதல் வரிசை! என்கிட்டேயே இல்லைன்னு சொல்றியா? வை கீழே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "குடுத்துத் தொலை! கத்த விடாதே!" என்று அண்ணாச்சி தூரத்திலிருந்து கை காட்டினார். செவ்வாலி கூடையை வைத்தாள். பொன்னலகன் கண்ணை எடுக்காமல் கதையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக விழுங்கினான். செவ்வத்திப் பழம்!

"அடடா! தேன்தான்! இந்த ருசி எனக்கு எங்கேயோ பழக்கமா இருக்கே!"

சிறுத்தை மறுபடியும் முன்னங்காலைத் தூக்குவதற்குள் கூடை காலியாகிவிட்டது.

"ஆமா, யார் வீட்டுக் கூடை இது? யாரோ பாவம், இன்னைக்குப் பட்டினி!" என்று சிரித்தான்.

செவ்வாலி சிரிக்கவில்லை.

"உங்க வீட்டுக் கூடைதான், ஐயா. ரெண்டு நாளா அங்கே ஒண்ணும் போகலை. குஞ்சு கத்துதாம். இன்னைக்காவது குடுத்துடலாம்னுதான் அண்ணாச்சி கண்ணுல படாம பின்பக்கமா வந்தேன்."

கரிச்சான் சிறுத்தை போல உறுமியது. கூட்டம் ஆரவாரித்தது. பொன்னலகனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தொண்டையில் இறங்கிய பழத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று ஒரு முறை கக்கிப் பார்த்தான். வரவில்லை. முதல் வரிசையை விட்டு எழுந்து பறந்தான்.

பொந்து மரத்தின் அடியில் ஆமையார் நின்றிருந்தார். அவர் முன்னால் மூன்று அத்திப்பழங்கள் கிடந்தன.

"குஞ்சு அழுற சத்தம் கேட்டுது, தம்பி. நேத்தே கிளம்பிட்டேன். இப்பத்தான் வந்து சேர்ந்தேன். மேலே ஏத்தத்தான் வழி தெரியலை," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு நீ சிரித்தாயே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொன்னலகனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தலையை இழுத்துக்கொள்ளத் தனக்கும் ஓர் ஓடு இருக்கக் கூடாதா என்று நினைத்தான்.

அந்த மூன்று பழங்களையும் எடுத்துக்கொண்டு மேலே போனான். இடுக்கில் வெண்விழியின் அலகு வந்தது. வாங்கியது. உள்ளே திரும்பியது. மூன்றும் குஞ்சுக்கே போயின. குஞ்சின் சத்தம் நூல் மாதிரி இருந்தது.

வெண்விழி மறுபடியும் இடுக்கருகே வந்தாள்.

"காலையில உங்க றெக்கைச் சத்தம் நம்ம மேலே போறது கேட்டுதுங்க. 'அப்பா பழத்துக்குப் போறார், அழாதே'ன்னு இவன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். ரொம்பத் தூரம் போயிட்டீங்களா? அலைச்சலா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள். வெளியே வந்து பார்க்கவா போகிறாள்? பொன்னலகனுக்கு அந்தப் பொய் அலகு நுனி வரை வந்துவிட்டது. அவள் அப்படி நம்புவாள் என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"அலைச்சல் இல்லே, வெண்விழி," என்றான். "கூத்துக்குப் போனேன். தினமும் அங்கேதான் போனேன். அருவி மரத்தையும் அதுக்காகச் சொல்லிட்டேன். இன்னைக்கு உங்களுக்கு வந்த கூடையையும் நானே தின்னுட்டேன்."

வைவாள் என்று காத்திருந்தான். திட்டு எதுவும் வரவில்லை.

"அலகைத் துடைச்சுக்கோங்க," என்றாள் வெண்விழி. "சிவப்பா இருக்கு. குஞ்சு பார்த்தா பழம்னு நினைச்சு வாயைத் திறக்கும்."

பொன்னலகன் பக்கத்துக் கிளையில் அலகைத் தேய்த்தான். அழுத்தி அழுத்தித் தேய்த்தான். சாயம் போய் வெகுநேரம் ஆன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு நேராக ஆலமரத்துக்குப் போனான்.

"அண்ணாச்சி, எனக்குக் கூடை மட்டும் போதும்!"

"தனியாக் கிடையாதே! ரெண்டும் ஒரே கட்டுன்னு ஆமையார்கிட்ட நான் சொன்னப்போ நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க!"

"அப்போ ரெண்டும் வேணாம்! நான் சொன்ன அருவி மரத்தையாவது திருப்பிக் குடுங்க!"

"காதுல சொன்னதை எப்படித் திருப்பிக் குடுக்கிறது? நீங்களே சொல்லுங்க!" என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே வழி தெரியாமல்தான் கேட்டார். "கதையோட முடிவையாவது கேட்டுட்டுப் போங்க! இன்னைக்கும் முடியலை, நாளைக்குத்தான்!"

பொன்னலகன் முடிவைக் கேட்கவில்லை. அந்த மான் பிழைத்ததா, செத்ததா என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து பழையபடி இரண்டு மலை தாண்டினான். முப்பது தடவை போனான், முப்பது தடவை வந்தான். போகிற வழியில் தினமும் ஒரு பழத்தை ஆமையாரின் முன்னால் வைத்துவிட்டுப் போனான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஆமையாரும் ஒன்றும் கேட்காமல் தின்றார்.

குஞ்சு பிழைத்தது. ஆனால் மற்ற குஞ்சுகளெல்லாம் பறந்து ஒரு மாதம் ஆன பிறகுதான் அதற்குச் சிறகு வலுத்தது. வெண்விழி சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த நாளைப் பற்றி அவள் ஒருபோதும் பேசவில்லை.

ஆனால் குஞ்சு ஒருநாள் கேட்டது: "அம்மா! அப்பா எதுவுமே தின்னாம வந்தாலும், வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி அலகைத் தேய்ச்சுக்கிட்டே இருக்காரே, ஏன்?"

வெண்விழி கணவனைப் பார்த்தாள். பொன்னலகன் கிளையில் மறுபடியும் அலகைத் தேய்த்தான்.

வீட்டுக்கு வேண்டியதோடு வேண்டாத ஒன்றையும் சேர்த்துக் கட்டி "இது சும்மா" என்று யாராவது நீட்டினால், அதற்கான விலையை வீட்டில் யார் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் கையை நீட்ட வேண்டும்.