பின்பந்திக்குக் குளிர் எடுத்தது

கோத்தகிரியில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அதன் பின்பக்கத்தில் காற்றுப் புகாமல் மூடிய ஒரு கேஸ் தொட்டி. மிச்சம் மீதியும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதற்குள்தான் போகும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருந்தன. காற்றுப் பட்டால் ஆகாது, எச்சில் சோறு என்றால் உயிரை விடும். விசித்திரமான குலம்தான், போங்கள்!

அங்கே தினமும் இரண்டு பந்தி. முன்பந்தி, சோற்றையும் குழம்பையும் தின்று புளிப்பாக்கி வைக்கும். பின்பந்தி, அந்தப் புளிப்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக் கேஸ் விடும். கடை அடுப்பு எரிந்தது அதில்தான். தெளிந்த தண்ணீர் கீழே ஓடைக்கு வழியும்.

மார்கழியில் குளிர் வந்து தொட்டியைக் கட்டிக்கொண்டது. முன்பந்தி கொஞ்சம் மந்தமானது. பின்பந்தியோ வாயில் வைத்த கவளத்தோடு தூங்கியே போயிற்று. அடுப்பு சிணுங்கியது.

கடைக்காரர் சென்னியப்பன் கொங்கு நாட்டு மனிதர். இலை காலியானால் கேட்காமலே பரிமாறுகிற கை. "பாவம், வயித்துக்குப் பத்தலையாட்ட இருக்குது" என்று வாளி வாளியாகக் கழிவைக் கொட்டினார்.

"ஐயையோ, போதும்!" பின்பந்தி அரைத் தூக்கத்திலேயே அலறியது. "கழுத்து வரைக்கும் புளிப்பு. மூச்சு முட்டுது!"

"நாங்க என்ன பண்றது? போடறதைத் திங்கறோம்" என்றது முன்பந்தி.

கீழேயிருந்து ஓடை கத்தியது. "அடேய், நீங்க செரிக்காததெல்லாம் என் தலையிலதானே வழியும்! என் மீன்குஞ்சுக செத்துப் போயிடுமே!"

அதற்குள், கொட்டியும் அடுப்பு எரியாததால் தொட்டியைச் சூடாக்க, சென்னியப்பன் ஓர் அண்டா கொதிநீரோடு வந்துவிட்டார். அதிலிருந்த சூடு மீசையை முறுக்கியது. "தள்ளுங்க, ஒரே ஊத்துல எழுப்பிடறேன்!" என்றது.

"எழுப்ப மாட்டே, அவிச்சுடுவே!" என்று இரண்டு பந்தியும் கத்தின. மனிதக் காதுக்கு அது எங்கே கேட்கும்?

நல்ல வேளை, அவர் மனைவி தங்கமயிலின் மூக்குக்குப் புளித்த வாடை எட்டியது.

"ஏனுங்க, நில்லுங்க! குளிருல தோசை மாவு பொங்கலைன்னா, மேல இன்னும் மாவையா கொட்டுவீங்க? இல்ல, கொதிதண்ணியைத்தான் ஊத்துவீங்களா?"

"அதெப்படி? சட்டிக்குக் கம்பளி சுத்தி அடுப்போரமா..." என்று இழுத்தவர், அண்டாவைப் பார்த்து அசடு வழிந்தார்.

வாளி ஓய்ந்தது. அண்டாவைத் தொட்டிச் சுவரோடு ஒட்டி வைத்து, வைக்கோலும் பழைய கம்பளியும் போர்த்தினார்கள். தினமும் அண்டாவில் வெந்நீர் மாறியது. சூடு மீசையை இறக்கிக்கொண்டு, சுவர் வழியே பைய உள்ளே போனது. பின்பந்தி சோம்பல் முறித்து, குவிந்து கிடந்த புளிப்பை ஒரு கை பார்த்தது. சில நாளில் அடுப்பு நீலமாகச் சிரித்தது. ஓடைக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. ஓடை குளிரைப் பிடித்துக்கொண்டது. "படுபாவி! என் குஞ்சுகளைக் கொல்லப் பார்த்தியே!"

"நானா?" என்றது குளிர். "மெதுவாச் சாப்பிடுங்கன்னு மட்டும்தானே சொன்னேன். விழுங்கறதுக்குள்ள பரிமாறினது யாரு?"