புகைக்கு ஏணி வைத்த அமைச்சர்

முன்னொரு காலத்தில் குறிஞ்சேரி நாட்டை இளவேலன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். சாப்பாட்டுப் பிரியன். அரசவையை ஒட்டியே மடைப்பள்ளி. கருவாட்டுக் குழம்பின் வாசனை வந்துவிட்டால் எந்த வழக்கானாலும் பாதியில் விட்டு எழுந்துவிடுவான். சபை கலைவதற்கு அதுதான் நேரம்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் பேசிக்கொண்டிருக்கையில் அந்த வாசனை வந்தது. தூதர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அரசனுக்கு அவமானமாகிவிட்டது.

"மடைப்பள்ளியை ஆற்றுக்கு அக்கரையில் வைத்துவிடலாம், அரசே," என்றார் வச்சிரநாதர். அரண்மனை மேற்பார்வை அவருடையது. கண் மட்டும் அமைச்சர் நன்மாறனாரின் இருக்கைமேல்.

"ஆறு தாண்டி வரும் குழம்பு ஆறித்தானே வரும்," என்றார் நன்மாறனார்.

அரசன் சிரிக்கவில்லை. "குழம்பு சூடாக வரவேண்டும். வாசனை வரக்கூடாது. பௌர்ணமிக்குத் தூதர் மறுபடி வருகிறார். அன்றைக்கு வாசனை வந்தால், உம் முத்திரை மோதிரம் வச்சிரநாதருக்கு."

நன்மாறனார் மடைப்பள்ளியில் நின்று கூரையடியில் முட்டித் திரும்பும் புகையைப் பார்த்தார். 'இதற்கு ஏறத்தான் தெரியும். ஏணிதான் இல்லை.'

அடுப்புகளுக்கு மேலே கவிழ்த்த அண்டாபோல ஒரு செம்புக் கூண்டு வந்தது. அதிலிருந்து கூரைக்கு மேலே செங்கல் புகைபோக்கி எழுந்தது. எதிர்ச்சுவரில், தரையோடு ஒரு துளையும் வைக்கச் சொன்னார்.

"மேலே போவது புகை. கீழே துளை யாருக்கு, எலிக்கா?" என்றார் வச்சிரநாதர்.

"காற்றுக்கு. பின்னாலிருந்து யாராவது தள்ளினால்தானே புகையும் கிளம்பும்?"

பௌர்ணமி வந்தது. தூதரும் வந்து அமர்ந்தார். சபையில் வழக்குமேல் வழக்காக நடந்தது. திடீரென்று வச்சிரநாதர் மூக்கைப் பொத்தினார். "அரசே, கருவாடு. குடலைப் புரட்டுகிறது."

அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக மூக்கைப் பொத்தினார்கள். அரசன் குழம்பிப்போய் மோதிரத்துக்குக் கை நீட்டினான்.

நன்மாறனார் மோதிரத்தைக் கழற்றவில்லை. "தருகிறேன். அதற்கு முன் வாசலைப் பாருங்கள், அரசே. வெயில் எங்கே விழுகிறது?"

அரசன் பார்த்தான். வெயில் மேற்கு வாசல் வழியே உள்ளே வந்திருந்தது. சாப்பாட்டு வேளை எப்போதோ கடந்திருந்தது.

"கருவாடு மணந்த பிறகு நீங்கள் அரியணையில் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. இன்றைக்குப் பசித்ததா?"

அரசன் வயிற்றைத் தடவினான். "மறந்தே போயிற்று."

நன்மாறனார் கைகாட்ட, குழம்பு ஆவி பறக்க வந்தது. தூதர் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு பக்கத்திலா கொதித்தது? இன்று உங்கள் நாட்டில் விரதம் என்றல்லவா நினைத்தேன். இந்தக் கூண்டை எங்களுக்கும் கட்டித்தர முடியுமா?"

நன்மாறனார் நிமிர்ந்து நின்றார். மோதிரம் விரலிலேயே இருந்தது.

அரசன் திரும்பினான். "வச்சிரநாதரே, யாருக்கும் எட்டாத வாசனை உமக்கு மட்டும் எட்டுகிறது. இனி எனக்கு வேளை தெரியாது. குழம்பு கொதித்ததும் மூக்கால் அறிந்து சபையில் வந்து சொல்வது உம் வேலை."

மறுநாள் வச்சிரநாதர் கீழ்த்துளையில் மூக்கை வைத்துப் பார்த்தார். காற்று உள்ளே போனதே தவிர, வாசனை ஒரு துளியும் வெளியே வரவில்லை. வேறு வழியில்லாமல் கூரையேறிப் புகைபோக்கியின் வாய்க்குள் தலையை நீட்டினார்.

அன்று முதல் குறிஞ்சேரியில், வச்சிரநாதர் முகமெல்லாம் கரியோடு வந்து நின்றால் சாப்பாட்டு வேளை என்று அர்த்தம்.