வாயசைத்த பாட்டும் வெள்ளிச் சிமிழும்

பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில் மங்கையர்க்கரசிக்கு எப்போதும் கடைசி வரிசைதான். "நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்" என்று சௌந்தரம் டீச்சர் சொல்லிவிட்டார். படித்த காலமெல்லாம் அசைத்தாள். தன் குரலுக்கு ஒருமுறையாவது கைதட்டல் கேட்க வேண்டும் என்ற ஆசை, கல்யாணமாகி மதுரைக் குடியிருப்புக்கு வந்த பிறகும் போகவில்லை. ஓய்வுபெற்ற டீச்சரும் அங்கேயே மாடிவீட்டுக்குக் குடிவந்து சேர்ந்தார்.

பொங்கல் விழாவில் பாட்டுப் போட்டி. "கம்ப்யூட்டர் வச்சுக்கங்க, டிரம்ஸ் வச்சுக்கங்க. ஆனா இந்த மேடையில நின்னு பாடுறவங்களுக்குத்தான் சிமிழ்" என்று அறிவித்தார் குடியிருப்புச் சங்கத் தலைவர் கதிரேசன். பரிசு, வெள்ளிக் குங்குமச்சிமிழ். மங்கையும் பெயர் கொடுத்தாள். பெயர் கொடுத்த மற்றவர்கள் பனியில் தொண்டை கட்டி ஒதுங்கிக்கொண்டார்கள்.

மங்கையின் கொழுந்தன் இளவழகன் அவள் பேச்சைப் பதிவு செய்து கணினிக்குப் பழக்கியிருந்தான். டீச்சரை ஒரு பாட்டுப் பாடவைத்து அதையும் கொடுத்தான். பாடிய விதம் டீச்சருடையதாகவே இருக்க, குரலை மட்டும் மங்கையுடையதாகக் கணினி மாற்றிவிட்டது.

"அண்ணி, நீங்க வாயை அசைச்சாப் போதும்."

அதில்தான் அவளுக்குப் பயிற்சி உண்டே!

கீரைக்காரரிடம் பேரம் பேசும் அதே குரல், ஒலிபெருக்கியில் தேனாகப் பாடியது. அவள் கணவர் எழுந்து நின்று பார்த்தார். சரணத்தின் நடுவே மின்சாரம் போயிற்று. வாய் மட்டும் அசைந்தது. யாரோ சிரித்தார்கள். அவளுக்கு என்ன வந்ததோ, அடுத்த இரண்டு அடிகளைத் தானே உரக்கப் பாடினாள். சுருதி ஒரு தெருவிலும் பாட்டு மறு தெருவிலும் போயின. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மின்சாரம் வந்தபோது, பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த கணினி பாட்டில் ஓரடி முன்னே போயிருந்தது. அவள் வாய் விழுந்தடித்து ஓடி அதைப் பிடித்தது.

பாட்டு முடிந்ததும் மேடையில் மூன்று கைகள் நீண்டன.

"குரல் என்னோடது" என்றாள் மங்கை.

"பாடினது நான். உன் குரல் எனக்குச் சட்டை மாதிரி, அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

"அந்தச் சட்டையைத் தைச்சதே நான்தான் டீச்சர்!" என்றான் இளவழகன்.

கதிரேசன் சிமிழோடு விழித்தார். கீழே கண்ணை ஓட்டாமல் சொல்லுங்கள்: அவர் அதை யாரிடம் கொடுக்க வேண்டும்?

விடை: மங்கையிடம்தான், ஆனால் அவள் சொன்ன காரணத்துக்காக அல்ல. அந்தத் தேன் பாட்டு மாடிவீட்டிலும் கணினியிலும் உருவானது. மேடையில் நின்று ஒருவர் பாடியது, கூட்டம் சிரித்த அந்த இரண்டு அடிகள் மட்டுமே. கதிரேசன் அப்படிச் சொல்லிச் சிமிழைக் கொடுத்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "அடுத்த வருஷமாவது வாயை மட்டும் அசைம்மா" என்று முணுமுணுத்தார் டீச்சர். மங்கை அவரைப் பார்த்து வாயை அசைத்தாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை.