மேடு போன பிறகு

"எனக்கு விடை கொடுங்க அம்மா. நான் இதுக்கு லாயக்கில்லை," என்றார் ஆவுடையப்பன்.

தோளில் மூட்டை. உள்ளங்கையில் ஒரு சின்னக் கருவளையல்.

நாச்சியாரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆவுடையப்பனைவிட வயதில் இளையவர். இருந்தாலும், ஆறு கடலில் சேரும் அந்த இடத்து மடத்தில் எல்லோருக்கும் குரு அவர்தான்.

"யாரோடது?"

"என் மகளோடது. காய்ச்சல்ல போனவ."

மடத்தில் ஒரு வழக்கம். சேர வருகிறவர்கள், விட மனமில்லாமல் வைத்திருக்கும் கடைசிப் பொருளை ஆற்று மணலில் புதைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஆவுடையப்பன் தேடித் தேடி, இருந்ததிலேயே உயர்ந்த மணல்மேட்டின் அடியில் இந்த வளையலைப் புதைத்தவர். அதற்குப் பிறகு அவர் மகளுக்காக அழுததே இல்லை.

"இன்னைக்குக் குளிக்கப் போனேன். மேலேயே கெடக்கு. நான் விட்டதை ஆறு ஏத்துக்கலை."

"பெரிய மேடாப் பார்த்தா புதைச்சீங்க?"

"இருக்கறதுலயே பெருசு."

"விவரமான ஆளுதான்." அம்மா முறத்தை நகர்த்திவிட்டு எழுந்தார். "வாங்க."

கடல் பின்வாங்கியிருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர் தெளிவாக ஓடியது. அதன் அடியில் மணல், சேலை மடிப்புப் போலச் சின்னச் சின்ன மேடுகளாகக் கிடந்தது.

அம்மா ஓர் ஓட்டுத் துண்டை எடுத்து ஒரு மேட்டின் அடியில் அழுத்தி மூடினார்.

"பாருங்க."

தண்ணீர் மணலை மேட்டின் முதுகில் உருட்டி ஏற்றியது. உச்சிக்குப் போனது அந்தப் பக்கம் சரிந்தது. மறுபடி ஏற்றியது. மறுபடி சரிந்தது.

"கால் கடுக்குது அம்மா."

"கடுக்கட்டும்."

இந்தப் பக்கம் கரைந்து, அந்தப் பக்கம் சேர்ந்து, மேடு மெல்லக் கடலைப் பார்த்து நகர்ந்தது.

ஓடு வெளியே தெரிந்தது. அழுத்திய இடத்திலேயே.

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். அவர் நம்பிப் புதைத்த பெரிய மேடு எங்கோ தள்ளி, அலைச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"அப்போ இது ஏறி வரலையா?"

"போனாத்தானே வர்றதுக்கு?"

அவர் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கிக் கேட்டார்.

"நீங்களும் புதைச்சிருப்பீங்களே அம்மா?"

"புதைச்சேன்."

"அதுவும் மேல தெரிஞ்சுதா?"

"எத்தனையோ தடவை."

"என்ன செஞ்சீங்க?"

"கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்தேன்."

ஆவுடையப்பன் மூட்டையை இறக்கினார். ஈர மணலில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கடல் ஏறி வர இன்னும் நேரமிருக்கா அம்மா?"

"இருக்கு," என்றபடி அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.