இரண்டு தம்ளர் தண்ணீர்

அந்த அலுவலகத்துக் குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் இருமலோடு தண்ணீர் விட்ட சத்தம் மரியபுஷ்பத்துக்கு இன்னும் காதில் இருக்கிறது. வீடுகளில் அத்தகைய மெஷின் பொருத்த உரிமம் கேட்டுப் போயிருந்தாள்.

"அஞ்சு வருச வேலை அனுபவம் காட்டும்மா," என்றார் அதிகாரி.

"உரிமம் இல்லாம வேலை செஞ்சா குத்தமாச்சே, ஐயா?"

"அது உன் பாடு. என் மச்சினன் உரிமம் வாங்கலையா? இந்த மெஷினே அவன் போட்டதுதான்."

மரியபுஷ்பம் அந்த மெஷினில் ஒரு தம்ளர் பிடித்து, இன்னொரு தம்ளரில் தன் பாட்டில் தண்ணீரை ஊற்றி, இரண்டையும் மேசையில் வைத்தாள். "ஒண்ணு இந்த மெஷின் தண்ணி. இன்னொண்ணு என் வீட்டுக்கு நானே பொருத்தின மெஷின் தண்ணி. குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மச்சினனோடது எது?" என்று மெல்லக் கேட்டார் அதிகாரி.

இடது தம்ளரைக் காட்டினாள். அவர் வலது தம்ளரை எடுத்துக் குடித்தார்.

வரிசை சிரித்தது. "ஐயாவே குடிச்சிட்டீங்க. இதையே அனுபவம்னு எழுதிக்கலாமா?" என்றாள் மரியபுஷ்பம்.

அதிகாரி எழுதிக்கொண்டார்; உரிமமும் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகு தன் வீட்டு மெஷினுக்கும் அவர் மரியபுஷ்பத்தைத்தான் கூப்பிட்டார்.