சாத்திய சமையற்கட்டு

"மேடம், இந்தக் கிழட்டு சிஸ்டத்தை ஒரே ராத்திரியில தூக்கிக் கடாசணும். வழி சொல்லுங்க."

கேட்டவர் அருமைநாயகம். பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் கணினித் துறைத் தலைவர்.

கேட்கப்பட்டவர் சுலைகா. அவரைவிட இளையவர்தான். ஆனாலும் பழைய சிஸ்டங்களை மாற்றித்தரும் தொழிலில் சுலைகாவைத்தான் எல்லோரும் குரு என்பார்கள்.

"போன தடவையும் ஒரே ராத்திரிதானே சார்?"

அருமைநாயகத்துக்குச் சுருக்கென்றது. போன தடவை எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றப்போய், கிளைகள் முடங்கிவிட்டன. புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் இழப்பீட்டுக்காக வாசலில் காத்துக் கிடந்தார்கள். அந்த முகங்கள் இன்னும் அவரைத் தூங்கவிடவில்லை. இன்னொரு முறை அப்படி ஆனால் வேலையும் போய்விடும்.

"என்ன செய்ய மேடம்? மொபைல் ஆப், ஏஜென்ட் ஆப், பேங்க், ஆஸ்பத்திரின்னு ஆளாளுக்கு நேரா பழைய சிஸ்டத்துக்குள்ள கையை விடறாங்க. ஒண்ணைத் தொட்டா ஒம்பது உடையுது!"

"சாப்பிட்டீங்களா?"

"ஐயோ, தலை போற விஷயம் பேசிட்டிருக்கேன்..."

"வாங்க சார்."

ஆபீஸ் கேன்டீனுக்குப் போனார்கள். முன்பெல்லாம் அங்கே பசித்தவன் நேராகச் சமையற்கட்டுக்குள் புகுந்து, மாஸ்டர் காதிலேயே "ரெண்டு முறுகல்" என்று கத்துவான். இப்போது கதவைச் சாத்திக் கவுண்டர் போட்டிருந்தார்கள். கேட்பதும் வாங்குவதும் அங்கேதான்.

தோசை வந்தது. கவலையிலும் ருசித்துத்தான் சாப்பிட்டார் மனுஷர்.

"எப்படி சார்?"

"என்னைக்கும் போலத்தான். அதே முறுகல்."

"எந்த அடுப்புல சுட்டது?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

சுலைகா எழுந்து சமையற்கட்டின் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே பழைய விறகடுப்பில் சாம்பார் கொதித்தது. பக்கத்திலேயே புத்தம்புது கேஸ் அடுப்பு. அதில்தான் தோசைக்கல் இருந்தது.

"இதை எப்போ மாத்தினாங்க?"

"போன வாரம். தினம் இங்கதானே சாப்பிடறீங்க?"

அருமைநாயகம் கைகழுவ மறந்து அப்படியே நின்றார்.

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. பழைய சிஸ்டத்துக்கு முன்னால், கேன்டீன் கவுண்டர் மாதிரி, ஏபிஐ கேட்வே என்ற ஒரு பொதுவாசலை வைத்தார் அருமைநாயகம். எந்த ஆப்பானாலும் இனி அங்கே வந்துதான் கேட்க வேண்டும். கொஞ்ச நாளில், கேட்வேக்குப் பின்னால், இழப்பீட்டுப் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் புதுசுக்கு மாற்றினார்.

அடுத்த கூட்டத்தில் சேர்மன் சீறினார்.

"என்னய்யா, புது சிஸ்டம் வருமா வராதா? வரும்போது போன தடவை மாதிரி இழப்பீடு நின்னுதோ, தொலைச்சுடுவேன்!"

"இந்த மாசம் இழப்பீடு எப்படிப் போகுது சார்?"

"அதுக்கென்ன? என்னைக்கும் போலத்தான் போகுது."

அருமைநாயகம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சாப்பிட வாங்க சார். நம்ம கேன்டீன்ல தோசை நல்லா இருக்கும்."