தொடாமக் குடிச்சா எடை ஏறாது

கோணம்பட்டிக்காரனுக்கு மூளையே கிடையாதுன்னு வெளியூர்க்காரன் சொல்றது சுத்த அபாண்டம். மூளை நிறையவே இருக்கு. வேற ஊர்ல ஒருத்தன் அவசரத்துல ஒரு தப்பைப் பண்ணிட்டுப் போவான். கோணம்பட்டியில ஏழு பேரு கூடி உக்காந்து, அலசி ஆராய்ஞ்சு, நிதானமா அதே தப்பைப் பண்ணுவாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த ஏழு பேரும் வாழைக்காய் மண்டியில சுமை தூக்குறவங்க. வருசா வருசம் மாசித் திருவிழாவுல மேட்டுப்பட்டிக்காரங்களோட வடம் இழுக்கிற போட்டிக்குப் போறவங்களும் அவங்கதான். கோணம்பட்டிக்குக் கடைசி ஆளு பவுன்ராசு. வடத்து நுனியை இடுப்புல சுத்திக்கிட்டு, குதிகாலை மண்ணுல புதைச்சு, அடிச்சு வச்ச கல்தூண் மாதிரி நிக்கிறது அவன் வேலை. உடம்பும் அதுக்குத் தகுந்த மாதிரி. அவன் முன்னாடி நின்னா பின்னாடி இருக்கிற கோயில் மறைஞ்சு போகும்.

அந்தப் போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. தோத்த ஊரோட கடைசி ஆளு, ஜெயிச்ச ஊரு விருந்துல வாளியைத் தூக்கிப் பரிமாறணும். பந்தி முடியிற வரைக்கும் அவன் வாயில ஒரு பருக்கை படக்கூடாது. பவுன்ராசு மூணு வருசமாப் பரிமாறுறான். அதுகூடப் பரவாயில்லை. மேட்டுப்பட்டிக்குக் கடைசி ஆளு யாருன்னா, பவுன்ராசு பொண்டாட்டி சிலம்பாயியோட கூடப்பொறந்த அண்ணன் சின்னமாயன். போன வருசம் அந்த ஆளு இலையில சாஞ்சு உக்காந்துக்கிட்டு, "மாப்ளே, இங்கிட்டு சாம்பார்... மாப்ளே, அங்கிட்டு மட்டும் அள்ளி ஊத்துறீங்க... என்ன மாப்ளே, வடத்தை இழுக்கத்தான் தெம்பில்லை, கரண்டியைத் தூக்கவுமா?"ன்னு ஊரு சிரிக்க வேலை வாங்கிட்டாரு.

"இந்த வருசமும் வாளி தூக்குனேன்னா, அப்புறம் உங்க அண்ணன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்"னு பவுன்ராசு சிலம்பாயிகிட்ட சத்தியம் பண்ணியிருந்தான்.

"மொதல்ல அந்தப் படியில நீ ஏறு பாப்போம், மூச்சு வாங்காம"ன்னா அவ.

அவ சொன்னது சும்மா இல்லை. இந்த வருசம் விழாக் கமிட்டி புதுசா ஒரு சட்டம் போட்டிருந்துச்சு. ஏழு பேரு எடையும் சேத்து ஐந்நூறு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டுனா ஆளை எறக்கணும். மண்டியில வாழைத்தார் நிறுக்குற தராசு மேல ஒவ்வொருத்தனா ஏறிக் கூட்டிப் பாத்தா, பன்னெண்டு கிலோ அதிகம். ஆறு பேரும் பவுன்ராசைப் பாத்தாங்க. முழுசாப் பாக்கணும்னா கழுத்தை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குத் திருப்பணும். அதனால கொஞ்ச நேரம் பிடிச்சுது.

மேஸ்திரி ஒச்சப்பன்தான் அந்தக் கூட்டத்துக்கு அறிவாளி. "டாக்டர்கிட்டப் போவோம்"னாரு.

ஏழு பேரும் போய் ஒரே பெஞ்சில உக்காந்தாங்க. பெஞ்சு உடைஞ்சதுல பாதி நேரம் போச்சு. டாக்டரம்மா கேட்டாங்க, "சாயங்காலம் வேலை முடிஞ்சு குடிக்கிற பழக்கம் உண்டா?"

"ஒடம்பு வலிக்குத்தான் தாயி. ஏதோ கொஞ்சமா."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

ஒச்சப்பன் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனாரு. பத்தலை. பக்கத்துல இருந்தவன் கையையும் சேத்து விரிச்சாரு.

"விட்டுடறதுதான் நல்லது"ன்னாங்க டாக்டரம்மா. ஏழு மூஞ்சியும் எழவு வீட்டு மூஞ்சி ஆயிடுச்சு. அந்த அம்மாவும் என்ன பண்ணுவாங்க? "சரி, குறைச்சாவது தொலைங்க. இப்ப குடிக்கிறதுல பாதி குடிங்க. ஒவ்வொரு கிளாசுக்கும் நடுவுல தண்ணி குடிங்க. வெறும் வயித்துல குடிக்காதீங்க. புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது தாயி"ன்னாரு ஒச்சப்பன். அந்த அம்மா நிம்மதியா அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. பாவம், ஊருக்குப் புதுசு.

அன்னைக்குச் சாயங்காலம் மாந்தோப்புல வட்டமா உக்காந்தாங்க. வெறும் வயித்துல கூடாதுல்ல, அதனால மொதல்ல ஆளுக்கு ஆறு புரோட்டா. அப்புறம் கிளாஸை நிரப்பிப் பாதி குடிச்சாங்க.

"மிச்சப் பாதியை என்ன பண்றது?"ன்னு கேட்டான் காமணன். கூட்டத்துலயே ஒல்லி அவன்தான். காத்தடிச்சா வேட்டி மட்டும் நிக்கும்.

"கீழ ஊத்து"ன்னான் பவுன்ராசு.

"காசு போட்டு வாங்குனதையா? இடது கைப் பக்கம் இருக்கிறவன்கிட்டக் குடு"ன்னாரு ஒச்சப்பன்.

குடுத்தாங்க. காமணனோட பாதி பவுன்ராசுக்கு வந்துச்சு. பவுன்ராசு அதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சான். அவனுக்கு இது வெளையாட்டு இல்லை.

"மேஸ்திரி, நான் என் பாதியைக் குடிச்சிட்டேன். இதையும் குடிச்சா முழுசு ஆயிடாதா?"

"அது எப்படிடா ஆகும்? அது காமணன் பாதி. உன்னோட பாதி அங்க போயிடுச்சுல்ல?"

"அப்ப இதோட எடை?"

"காமணனுக்குத்தான் ஏறும்."

காமணன் எந்திரிச்சிட்டான். "அது எப்படி? இவன் குடிப்பான், எனக்குத் தொப்பை போடுமா?"

"உனக்குத்தான்டா இடம் இருக்கு. ஊருக்காக இதைக்கூடத் தாங்க மாட்டியா?"

ஊருன்னு சொன்னதும் காமணன் கண் கலங்கி உக்காந்துட்டான். நடுவுல தண்ணியும் ஒழுங்காக் குடிச்சாங்க. தண்ணி குடிச்சாத்தான் அடுத்த கிளாசுன்னு டாக்டரே சொல்லிட்டதால, ஒவ்வொரு தண்ணிக்கும் ஒரு அடுத்த கிளாஸ் கட்டாயமாயிடுச்சு. தண்ணிக் குடம் காலியானப்பதான் நிறுத்துனாங்க.

ஒரு வாரம் கழிச்சுத் தராசுல ஏறுனா பதினஞ்சு கிலோ அதிகம்.

பவுன்ராசுக்கு கண்ணை மூடுனா சாம்பார் வாளி. "டாக்டர் சொன்ன அத்தனையும் செஞ்சோமே மேஸ்திரி! எங்க தப்பு நடந்துச்சு?"

ஒச்சப்பன் தாடையைத் தடவுனாரு. "சோதிச்சுப் பாத்துருவோம். காமணா, வெறுங்கையோட தராசுல ஏறு."

நாப்பத்தெட்டு கிலோ.

"இந்த பீர் பாட்டிலைக் கையில பிடி."

நாப்பத்தொன்பது.

"இப்ப இறங்காம, பாட்டிலைக் கீழ வைக்காம, அங்கேயே நின்னு குடி."

காமணன் குடிச்சான். ஆறு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முள்ளையே பாத்தாங்க. முள்ளு அசையலை. கடைசிச் சொட்டு உள்ள போன பிறகும் அதே நாப்பத்தொன்பது.

 

"பாத்தீங்களாடா?"ன்னாரு ஒச்சப்பன். "குடிச்சதால எடை ஏறவே இல்லை!"

நம்பாம, புரோட்டாப் பொட்டலத்தைக் குடுத்துப் பாத்தாங்க. கையில பிடிச்சப்ப ஏறுன முள்ளு, தின்னப்ப ஏறவே இல்லை.

"அப்ப எடை எப்பத்தான் ஏறுது?"ன்னான் பவுன்ராசு.

"கையில எடுக்கிறப்ப! ஏன்டா, நாம சுமை தூக்குறவங்கதான? தரையில கிடக்கிற வாழைத்தார் யாருக்குடா கனக்குது? தூக்குனாத்தான் கனம். இத்தனை வருசம் தூக்கியும் இது நமக்குத் தோணலையே!"

ஏழு பேரும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. படிச்ச டாக்டருக்கே தெரியலையேன்னு அந்த அம்மா மேல பரிதாபமும் பட்டாங்க.

மறுநாள் சாயங்காலம் மாந்தோப்புக் கிளையில பழைய வடத்தைக் கட்டி, பாட்டிலைத் தலைகீழாத் தொங்கவிட்டு, மூடியில ஓட்டை போட்டு, ஆளுக்கொரு பாட்டிலுக்கு அடியில மல்லாக்கப் படுத்துட்டாங்க. கட்டுறவன் தொட்டுத்தான ஆகணும்? அதுக்குக் காமணன். டாக்டர் பாதின்னு சொன்னதையும் மறக்கலை. பாதி பாட்டில்தான் காலியாகணும்னு முடிவு. ஆனா படுத்திருக்கிறவன் கண்ணுக்குப் பாட்டிலோட மூடி தெரியுமே ஒழிய, பாதி எப்படித் தெரியும்? சொட்டு நின்னா அதுதான் பாதின்னு வச்சுக்கிட்டாங்க.

புருசனைத் தேடிக்கிட்டு சிலம்பாயி வந்தா.

"யோவ், என்னய்யா பண்ற?"

"எடையைக் குறைக்கிறேன்டி."

"அறிவிருக்கா உனக்கு? மொதல்ல வாயை மூடு!"

"மூடுனா மூக்குல விழுகுதுடி."

அவ கத்திக்கிட்டு இருக்கும்போதே வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிஞ்சுது. தங்கச்சியைப் பாக்க வந்த சின்னமாயன். மரத்தைப் பாத்தாரு, வடத்தைப் பாத்தாரு, தொங்குற பாட்டிலைப் பாத்தாரு, வரிசையா வாயைப் பொளந்து கிடக்கிற ஏழு பேரையும் பாத்தாரு. வந்த வழியே வேகமாத் திரும்பிப் போயிட்டாரு.

"பொறாமை"ன்னான் பவுன்ராசு, வாயைத் திறந்தபடியே.

திருவிழா வந்துச்சு. கோயில் மைதானத்துல கமிட்டித் தலைவர் ராமபத்திரன் தராசு பக்கத்துல நின்னு ஒவ்வொருத்தனையா ஏத்துனாரு. கோணம்பட்டி, இருபத்தி மூணு கிலோ அதிகம்.

"யார்டா தொட்டது?"ன்னு ஒச்சப்பன் பல்லைக் கடிச்சாரு. எல்லாரும் காமணனைப் பாத்தாங்க. காமணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"ஒரு ஆளை எறக்குங்கப்பா"ன்னாரு ராமபத்திரன். "இந்தா, இந்த மலையை எறக்கினாப் போதும்."

பவுன்ராசு இல்லாம வடம் நிக்காது. ஊரு தோக்கும், போட்டியில நிக்காட்டாலும் கடைசி ஆளுங்கிற பேரு அவனுக்குத்தான், வாளியும் அவனுக்குத்தான். "மேஸ்திரி... கால்ல வேணா விழுகுறேன்"னான்.

ஒச்சப்பன் அவனைப் பாக்கவே இல்லை. அவர் தொழில் ஞாபகத்துல இருந்தாரு. "லாரியில இருந்து எறக்கும்போது எதைடா மொதல்ல எறக்குவோம்?"

"மேல இருக்கிற லேசானதை."

"கனமானதை எறக்க ஆளு பத்துமா?"

"பத்தாது."

"அப்புறம் என்ன? காமணா, எறங்கு."

கோணம்பட்டி சரித்திரத்துல அதுவரைக்கும் யாரும் எடுக்காத நல்ல முடிவு அது. எடுத்தவருக்கே தெரியாது. நாப்பத்தொன்பது கிலோ எறங்குனதும் கணக்கு சரியாப் போச்சு, பவுன்ராசு உள்ள நின்னுட்டான்.

அடுத்து மேட்டுப்பட்டி ஏறுனாங்க. அவங்க புத்திசாலிங்க. அன்னைக்கு வேலி வழியாப் பாத்தது ஏதோ ரகசியப் பயிற்சின்னு சின்னமாயன் ஊர்ல போய்ச் சொல்ல, கோணம்பட்டிக்காரன் ஒரு பாட்டில் தொங்கவிட்டா நாம மூணு தொங்கவிடணும்னு தீர்மானம் போட்டு, திருவிழா வரைக்கும் புளியந்தோப்புல படுத்தே கிடந்திருக்காங்க. தராசு முள்ளு சுத்தி வந்து இடிச்சு நின்னுச்சு. ரெண்டு ஆளை எறக்க வேண்டியதாப் போச்சு. மிச்சம் நின்ன அஞ்சு பேருல மூணு பேரு வாயை மூட மறந்து, அண்ணாந்தே நின்னாங்க.

விசில் ஊதுனதுதான் தெரியும். பவுன்ராசு குதிகாலைப் புதைச்சு ஒரு சாய்வு சாஞ்சான். மேட்டுப்பட்டி மொத்தமாக் கோட்டைத் தாண்டி வந்து அவன் காலடியில விழுந்துச்சு.

மத்தியானம் கோயில் மண்டபத்துல பந்தி. ஜெயிச்ச கோணம்பட்டிக்கு நடு வரிசை. பவுன்ராசு முன்னாடி தலைவாழை இலை, சுடச்சுட சோறு. வாழ்க்கையில மொத முறையா அந்தப் பந்தியில அவன் சம்மணம் போட்டு உக்காந்திருந்தான். சின்னமாயன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, சாம்பார் வாளியைத் தூக்கிட்டு வந்தாரு.

பவுன்ராசு வாளியைப் பாத்தான். மச்சானைப் பாத்தான். மூஞ்சி சிவந்து போச்சு. துள்ளி எந்திரிச்சான்.

"வாளியைக் கீழ வைங்க மச்சான்!"

"என்ன மாப்ளே? நான்தான பரிமாறணும்?"

"ஜெயிச்ச ஊரு பந்தியில மூணு வருசமா யாரு பரிமாறுறது? நானு! நேத்து வந்த நீங்க எந்தத் தைரியத்துல என் வாளியில கை வைக்கிறீங்க?"

"வழக்கத்தை மாத்துனா சாமிக் குத்தம் மாப்ளே. நான்தான் தோத்தேன்."

ரெண்டு பேரும் ஒச்சப்பனைப் பாத்தாங்க. அவர் வாயில இருந்த அப்பளத்தை மென்னு முழுங்கிட்டுத் தீர்ப்பு சொன்னாரு. "சின்னமாயன் தோத்தது வடத்துல. வாளிக்கு இன்னும் போட்டியே நடக்கலையே?"

அது நியாயம்னு மண்டபமே ஒத்துக்கிச்சு. வாளிக் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சாங்க. இலையில உக்காந்திருந்தவங்க எந்திரிச்சு அவங்கவங்க ஆளு இடுப்பைப் பிடிச்சாங்க. ராமபத்திரன் விசில் ஊதுனாரு. சாம்பார் நாலு பக்கமும் தெறிச்சுது. சின்னமாயனும் சாமிக்குப் பயந்து விடாமத்தான் இழுத்தாரு. ஆனா பவுன்ராசு இழுத்த மாதிரி இழுப்பை அந்த மண்டபம் கண்டதில்லை. கைப்பிடி மச்சான் கையை விட்டு வழுக்கி, வாளியோட பவுன்ராசு மல்லாக்க விழுந்தான்.

எந்திரிச்சுத் துண்டை இடுப்புல இறுக்கிக் கட்டுனான். மச்சானைத் தோளைப் பிடிச்சுத் தன் இலையில உக்கார வச்சான். பசி வயித்தைக் கிள்ள, நெஞ்சை நிமித்திக்கிட்டு, மிச்சம் இருந்த சாம்பாரைக் கரண்டியில மோந்தான்.

பொம்பளைங்க வரிசையில இருந்து சிலம்பாயி தலையில அடிச்சுக்கிட்டுக் கத்துனா. "யோவ், ஜெயிச்சது நீதானய்யா!"

"ஆமாடி"ன்னான் பவுன்ராசு, மச்சான் இலையில பாத்து ஊத்திக்கிட்டே. "அதான் வாளி எங்கிட்ட இருக்கு."